வினா எழவில்லை

ஏப்ரல் 4, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். அட்டுவம்பட்டியில் முதல் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். சீசன் கார்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக. மேல்மலைக்கு வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இருபது பேர், கம்பளிக்குள் இருமிக்கொண்டு.

செய்ய வேண்டியவை: பாரசிட்டமால் கேட்டு எழுத. தடுப்பூசி ஃபிரிட்ஜ் வெப்பநிலை குறிக்க. கழிப்பறைத் தாழ்ப்பாள் (மூன்றாவது மாதமாக இதே வரி).

டாக்டர் இல்லாமல் ஒன்றரை வருடம். நர்ஸ் பிரசவ லீவு. மருந்து கொடுக்கிற நானும் பெருக்குகிற முத்தம்மாளும்தான் ஆஸ்பத்திரி. ஊர் என்னைக் கம்பவுண்டரம்மா என்கிறது. மறுப்பதை விட்டு நாளாயிற்று.

பதினொரு மணிக்கு மலைக்குக் கீழே சுகாதார ஆபீஸிலிருந்து போன். சூப்பிரண்ட்.

"சட்டசபைக் கேள்விம்மா. ஒங்க சென்டரப் பத்தித்தான். ஒங்க எம்.எல்.ஏ. கேட்டிருக்காரு. பேப்பர் எடுங்க, சொல்லச் சொல்ல எழுதுங்க."

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்.

(அ) மேற்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் காலியாக உள்ளதா?
(ஆ) ஆம் எனில், எப்போது நிரப்பப்படும்?
(இ) பூப்பண்ணைகளில் பூச்சிமருந்து தெளிக்கும் தொழிலாளர்கள் உடல் பாதிக்கப்பட்டு இந்நிலையத்துக்குச் சிகிச்சைக்கு வருகிறார்களா?
(ஈ) ஆம் எனில், அரசு எடுக்கும் நடவடிக்கை என்ன?

எழுத எழுத எனக்குச் சந்தோஷம். சரி, பயமும்தான். பிப்ரவரியில் பெருமாள்மலைக் கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், எம்.எல்.ஏ.விடம் இதையெல்லாம் சொன்னது நான். கல்யாணப் பத்திரிகையின் பின்னால் குறித்துக்கொண்டார். தூக்கிப் போட்டிருப்பார் என்றே நினைத்திருந்தேன். மறக்கவில்லை மனிதர். வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவள் எம்.எல்.ஏ.விடம் போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

சூப்பிரண்ட் போனை வைக்கும் முன் சொன்னது: "எங்கிட்டும் 'ஆம்'னு வராமப் பாத்துக்கிடணும்மா. 'ஆம்'னு எழுதினா அதுக்கடுத்த கேள்விக்கும் பதில் எழுதணும். 'இல்லை'ன்னா 'வினா எழவில்லை'ன்னு ஒத்த வரியில சோலி முடிஞ்சிரும்."

இதைச் சொல்லிச் சிரிக்கவேறு செய்தார்.

ஏப்ரல் 5, செவ்வாய்

நல்ல வெயில். ஃபிரிட்ஜ் சரி. பாரசிட்டமால் வரவில்லை.

சிவலிங்கம் மறுபடி. பூப்பண்ணையில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மருந்தடிக்கிறவர். உள்ளே காற்று கிடையாது. பூவுக்குக் குளிர் ஆகாதாம். அடிக்கிறவருக்கு எது ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. வாந்தி, வியர்வை, வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. சட்டையில் மருந்து நெடி. மனைவி ராசம்மா தாங்கிப் பிடித்து வந்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் இருக்கிற காலனி.

"ரெண்டு நாளா சாப்பிட ஏலாதுங்கம்மா. கை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது" என்றாள்.

கொடைக்கானல் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னேன். சிவலிங்கம் தலையை ஆட்டினார். "சூப்பர்வைசர் வெளியில ஜீப்போட நிக்கிறாருங்க. மாத்திரைய வாங்கிட்டு வெரசா வரச் சொன்னாரு. நாளைக்குப் பூ லோடு போகுது."

புறநோயாளிப் பதிவேட்டில் எழுதினேன்: சிவலிங்கம், 38, காலனி, தலைவலி.

எப்போதும் எழுதுவதுதான். நஞ்சு என்று எழுத டாக்டர் வேண்டும். எழுதினால் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அதற்கும் டாக்டர் கையெழுத்து வேண்டும். அதனால் காலனியில் எல்லோருக்கும் தலைவலி. அதை எழுதியே என் கையெழுத்து அழகாகிவிட்டது. அசிங்கம்.

மதியம் கீழேயிருந்து ஜீப். சூப்பிரண்ட், இரண்டு பெயிண்டர்கள், ஜன்னல் திரை, 'மருத்துவர் அறை' என்று புத்தம்புது பெயர்ப்பலகை. நாளை டாக்டர் வருகிறாராம், மாற்றுப்பணியில். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்கள்.

முத்தம்மாள்: "ஒன்ற வருசமா வராதவரு ஒத்தக் கேள்விக்கு ஓடியாராரே. இன்னும் ரெண்டு கேட்டா எக்ஸ்ரே மிசினு வந்துருமாம்மா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அரை மனதாக நம்பவும் செய்தேன்.

ஏப்ரல் 6, புதன்

வெள்ளனே மழை. டாக்டர் வந்தார். சின்ன வயது, இரவல் ஸ்வெட்டர், மலைப்பாதையில் வாந்தி எடுத்த முகம். மலைக்கோடி போளூரிலிருந்துகூட ஆள் வந்துவிட்டது. எப்படித்தான் சேதி போகிறதோ. ஒரு தாத்தா பல் வலி, சுகர், பேத்தியின் கல்யாணத் தடை மூன்றையும் சேர்த்துச் சொன்னார்.

பத்து மணிக்கு ராசம்மா அலறிக்கொண்டு வந்தாள். சிவலிங்கம் கூடாரத்துக்குள்ளேயே விழுந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் பூக்கூடை வண்டியில் போட்டுத் தள்ளி வந்திருக்கிறார்கள். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பாவை கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. ஸ்டோரில் விஷமுறிவு ஊசி அட்ரோபின் இரண்டே ஆம்பூல். இரண்டையும் போட்டு, "மருந்து விஷம், உடனே கொடைக்கானல்" என்று சீட்டு எழுதி, பால் வண்டியை மறித்து ஏற்றிவிட்டோம். பண்ணை ஜீப் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போயிருந்தது.

பிறகு டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். பின்னாலிருந்து புரட்டினார். தலைவலி. தலைவலி. தலைவலி.

"இவங்கல்லாம் எங்க வேலை பாக்குறாங்க மேடம்?"

"பூப்பண்ணையிலங்க."

பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 7, வியாழன்

மூட்டம். பால் திரிந்துவிட்டது. சிவலிங்கத்துக்கு நினைவு வரவில்லையாம்.

மூன்று மணிக்கு சூப்பிரண்ட் போன். பதிலை வாசித்துக் காட்டினார். நாளைக்குச் சபையில் வருகிறது.

"(அ) இல்லை. மருத்துவர் பணியில் உள்ளார். (ஆ) வினா எழவில்லை. (இ) இல்லை. நிலையப் பதிவேட்டின்படி அவ்வாறு எவரும் சிகிச்சை பெறவில்லை. (ஈ) வினா எழவில்லை."

நேற்று ஒருவர் வந்தாரே என்றேன்.

"அது கேள்வி வந்ததுக்கு அப்புறம்மா, சேராது. அதுக்கு முந்தி பதிவேட்டுல என்ன இருக்கு?"

"தலைவலிங்க சார்."

"அப்பச் சரிதானே?"

போனில் இரைச்சல். சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. சார், அந்தத் தலைவலி எல்லாம் பொய், எழுதினது நான்தான் என்று ஒரு வரி. மூத்தவளுக்குக் காலேஜ், வீட்டுக்காரருடைய முதுகுவலி, எட்டு வருடச் சர்வீஸ் எல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக வந்து நின்றன.

"சரிங்க சார்" என்றேன்.

சீ. வேறு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 9, சனி

வெயில். நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றும் பிடிக்கவில்லை.

காலையில் டாக்டருக்கு மாற்றுப்பணி ரத்து. வந்து நான்காவது நாள். அவருக்கே போனில்தான் சொன்னார்கள். ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டுப் போனார், இரவல் கொடுத்த ஜீப் டிரைவரிடம் சேர்த்துவிடச் சொல்லி. அட்ரோபின் ஸ்டாக் கேட்டுக் கடிதம் எழுதி என் மேஜையில் வைத்திருக்கிறார். நல்ல பையன்.

மதியம் அதே ஜீப். பெயர்ப்பலகையை ஸ்க்ரூ கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அடுத்து எந்த ஊரில் கேள்வியோ. திரையையும் எடுத்தார்கள். முத்தம்மாள் கழிப்பறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "தாழ்ப்பாளத் தொட்டீகன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்." தாழ்ப்பாள் தப்பித்தது.

நான்கு மணிக்கு எம்.எல்.ஏ. போன், சென்னையிலிருந்து.

"ஏம்மா, நீங்கதானே மண்டபத்துல எங்கிட்டச் சொன்னீங்க? மந்திரி எந்திரிச்சு ஒங்க பதிவேடுன்னு வாசிக்காரு. உறுப்பினர் காத்துவாக்குல கேட்டதையெல்லாம் கேள்வியாக்கக் கூடாதுங்காரு. சபையே சிரிக்குது. நான் பொய் சொன்னனா, நீங்க சொன்னீங்களா?"

பதிவேடுதான் பொய் சார் என்றேன்.

"அதை எழுதினது யாரு?"

போனை வைத்துவிட்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் ஒருவர்தான் கேட்டார்.

ஏப்ரல் 11, திங்கள்

மழை, கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜில் ஐஸ் கரைகிறது. புறநோயாளிகள் முப்பத்தொன்று. பாரசிட்டமால் வந்தது, கேட்டதில் பாதி.

பதினொரு மணிக்கு போலீஸ் ஏட்டு. பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். சிவலிங்கம் குடும்பச் சண்டையில் வீட்டிலேயே மருந்தை எடுத்துக் குடித்துவிட்டார் என்று பண்ணையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். குடித்துவிட்டு வேலைக்கு வந்து விழுந்தாராம். தற்கொலை முயற்சி என்று அவர் மேலேயே கேஸ். பண்ணைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம்.

"கூட இருந்தவங்களக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டாச்சு. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். நாளைக்கும் அங்கதான சோலிக்குப் போகணும்." பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டே போனார். "முந்தி வந்ததெல்லாம் தலைவலிதான். மருந்தடிச்சு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சட்டசபையிலயே சொல்லிட்டாங்களாமே. சூப்பர்வைசர் பேப்பர வெட்டிக் குடுத்துருக்காரு."

நான் சரிங்க சார் என்று சொன்னது சென்னை போய், பேப்பரில் வந்து, அந்த மனுசன் கட்டில்வரை வந்துவிட்டது.

மத்தியானம் ராசம்மா. கொடைக்கானலிலிருந்து நேராக. கண் திறந்துவிட்டாராம், பேச இன்னும் ஏலாதாம்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் அங்க வாராராம். அவரு ஒண்ணும் குடிக்கலம்மா. ஒங்ககிட்ட எத்தன தடவ வந்தாரு, எப்படி வந்தாரு, ஒங்களுக்குத் தெரியுந்தானே? ஒரு எழுத்து எழுதித் தாங்க. எங்களுக்கு எழுதித் தர வேற ஆளு இல்ல."

பதிவேட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும், சிலோனில் எட்டு வரை. மூன்று வரி படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜனவரியில் இரண்டு முறை, பிப்ரவரியில் மூன்று, மார்ச்சில் இரண்டு. 'சிவலிங்கம் மறுபடி, கூடாரத்தில் மருந்தடித்துவிட்டு வந்தார், எச்சில் ஒழுகல், தலைவலி என்று எழுதினேன்.' தேதியோடு. வேறெங்கும் எழுதாததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று.

இதைக் கொடுத்தால் கல்யாண மண்டபமும் சேர்ந்து போகும். 'சரிங்க சார்' போகும். வீட்டுக்காரருடன் போட்ட சண்டைகள், மாமியாரைப் பற்றி எழுதியவை, எல்லாம் இன்ஸ்பெக்டர் மேஜைக்கு. வேண்டிய பக்கங்களை மட்டும் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழித்த காகிதத்தை எவன் நம்புவான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், மண்டபத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டு, "வேலை போயிருமே" என்றார். ஆமாம் என்றேன்.

நாளைக்கு:
லீவு சொல்ல.
முத்தம்மாளிடம் ஃபிரிட்ஜ் சாவி.
குடை.
பெரியாஸ்பத்திரி, பத்து மணிக்குள்.
இந்த நோட்டு. முழுசாக.