நீ போகாத ஈட்டிப் போட்டி

என் அருமை அண்ணா,

உன் ஈட்டிக்கோலை அப்பா நம் பனியன் கம்பெனி சாம்பிள் ரூம் சுவரில் மாட்டிவிட்டார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே மஞ்சள் விளக்கு எல்லாம் போட்டாச்சு. நீ இருந்தவரை அதை "அந்தக் கட்டை" என்றுதானே சொல்வார்?

வெளிநாட்டு ஈட்டி கிளப் ஒன்றுக்கு நாம் டீ-ஷர்ட் தைத்தோமே, ஞாபகம் இருக்கா? பிரிண்ட்டுக்கு வந்த, கோலில் ஈட்டியைப் பொருத்தி ஒருவன் எறிகிற படத்தைப் பார்த்ததும் கட்டிங் டேபிளை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாய். வில் வருவதற்கு முன்னால் மனுசன் வேட்டைக்கு வைத்திருந்த கருவி, இப்போது அங்கே விளையாட்டாக எறிகிறார்கள் என்று படித்துச் சொன்னேன். அடுத்த வாரமே வேப்பங்கட்டையில் ஒரு முழ நீளத்துக்குக் கோல் செதுக்கி, ஒரு நுனியில் கொக்கி வைத்துவிட்டாய். ஈட்டியின் வாலைக் கொக்கியில் பொருத்திக் கோலை வீசினால், கைக்கு இன்னொரு கை முளைத்த மாதிரி ஈட்டி பறந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெருப்பெரிச்சல் ஊர்ப்பக்கம் காலி இடத்தில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையை நிறுத்தி வைத்து எறிவாய். "ஏனுங்க மச்சான், நாப்பது வயசுல பையன் மொசல் வேட்டைக்குக் கெளம்பீட்டானாட்ட இருக்குதுங்க" என்று மாமா அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா உன்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை.

நீ எறிந்த வீடியோவை அந்த கிளப்புக்கு அனுப்பியது நான்தான். போட்டிக்கு வரச்சொல்லி உனக்கு அழைப்பு வந்தது அண்ணா. கம்பெனி மெயில் திறப்பவள் நான்தானே? அது ஷிப்மென்ட் நேரம். நம் வீட்டில் கல்யாணமோ கோயிலோ காய்ச்சலோ, எல்லாமே ஷிப்மென்ட்டுக்கு அப்புறம்தான். நீ போய்விட்டால் கட்டிங் யார் பார்ப்பது? அப்பாவிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. 'வர இயலாது' என்று உன் பேரில் நானே பதில் போட்டுவிட்டு அந்த மெயிலை அழித்தேன்.

"ஏங்கண்ணு, அவிங்க ஏதாச்சும் எழுதுனாங்களா?" டீ நேரத்தில் தினமும் கேட்பாய்.

"இல்லண்ணா."

"பெரிய ஆளுங்க. நம்மளயெல்லாம் எங்க கண்டுக்கப் போறாங்க" என்று நீயே சொல்லிக்கொள்வாய். நெஞ்சுவலி வந்து நீ போன நாள்வரை அதைத்தான் நம்பியிருந்தாய்.

போன வாரம் நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வந்தார். அப்பா பெட்டியைக் காட்டி, "எம் பையனோட வெளையாட்டுங்க, நாங்கதான் ஊக்கம் குடுத்தோம்னு சொல்லு கண்ணு" என்றார். ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். போட்டி எதற்காவது போனாரா என்று பையர் கேட்டார். யாரும் கூப்பிடவில்லை என்றேன். நாக்கு கூசவில்லை அண்ணா, அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பெனி ஆண்டு விழாவில் இனி ஈட்டி எறிதல் உண்டாம், உன் பேரில் கோப்பையாம். கொடுக்கப்போவது யார் தெரியுமா? அதே மாமா.

இவர்களையெல்லாம் திட்டித் தீர்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் சிரித்தும் நீ எறிவதை நிறுத்தவில்லை. உன்னை நிறுத்தியது நான்.

வருகிற திதிக்கு எல்லோரும் வருவார்கள். உனக்கு இலை போட்டுப் படைத்த பிறகு, யாரும் பந்தியில் உட்காருவதற்கு முன்னால், நான் செய்ததை அப்பா முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது சத்தியம். உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய்.

உனக்கு வந்த அழைப்பை உன்னிடம் தராத
உன் கூடப்பிறந்தவள்