பாரிஸ் பயணமும் பதினான்கு மாதங்களும்

மழை விட்டு வெயில் காய்ந்ததால் நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை உலர்த்தினேன். அடியில், அந்துருண்டை வாசனையோடு, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அதற்குள் பாரிஸ் நகர வரைபடம். மடிப்புகளில் கிழிந்துவிட்டது. நீங்கள் சிவப்புப் பென்சிலால் போட்ட வட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்தது நீங்கள்தான். ஏன் என்று அன்றும் நான் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் அரியலூரில், சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். எதைத் தொட்டாலும் சாம்பல் நிறத் தூசி. அந்த வரைபடத்தை விரிப்பதற்கு முன் சாப்பாட்டு மேசையை நீங்களே ஈரத்துணியால் துடைப்பீர்கள். வேறு எதற்காகவும் நீங்கள் மேசை துடைத்து நான் பார்த்ததில்லை. திருச்சியில் உங்களோடு படித்த பாண்டிச்சேரி நண்பர் பாரிசில் குடியேறியிருந்தார். நம் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நாம் இருவரும் வந்து எட்டு நாள் தங்க வேண்டும் என்று எழுதி, வரைபடத்தையும் அனுப்பியிருந்தார். கல்யாண நாளன்று மாலை குன்றின் மேலிருக்கும் வெள்ளைத் தேவாலயப் படிக்கட்டு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். "அங்கேருந்து பாத்தா ஊர் முழுசும் தெரியுமாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை வழியில் நிறுத்தி, "குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போறீங்க?" என்று விசாரித்தார்கள்.

ஆனால் முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிக்கான சான்று வேண்டும்.

"உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்க இருக்கு?"

"பெரம்பலூர்ல, எங்க வீட்டுல இருக்கும்" என்றேன்.

அது நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில், கட்டிலுக்கடியில், இதே பெட்டியில் இருந்தது.

உங்கள் வீட்டாரிடம் கொடுத்த ஜாதகத்தில் நான் உங்களைவிட இரண்டு வயது இளையவள். உண்மையில் பதினான்கு மாதம் மூத்தவள். நல்ல வரன் கைநழுவிவிடக் கூடாதென்று அப்பா ஜாதகத்தை மாற்றி எழுத வைத்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். "மூத்தவளைக் கட்டுனா ஆம்பளைக்கு ஆயுசு குறையும்பாங்க. அவங்க வூட்டுக்குத் தெரியவே கூடாது. வாயத் தொறக்காத" என்றார். பொய்யில் சின்னது பெரியது என்று கிடையாது என நான் படித்த கான்வென்ட் கன்னியர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் பால்காரரிடம் முகத்துக்கு நேரே கேட்கிறவள் நான். என் பொய்யின் மேல் மட்டும் இருபத்தைந்து வருடம் புடவைகளை மடித்து அடுக்கிவைத்திருந்தேன். உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் அம்மாவின் குரல் காதில் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அங்கே என் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். அவர் வாயிலோ எந்த ரகசியமும் தங்காது. அன்று முழுவதும் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். சாதம் குழைந்துபோனது. வேறு சாதம் வடிக்கவும் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்தீர்கள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அண்ணன் என்னங்க சொல்லிச்சு?"

"'அது அவகிட்டதான் இருக்கும் மாப்ள, கல்யாணத்தன்னிக்கே பொட்டியில வச்சு அனுப்பிட்டோமே'ன்னாரு. சாப்பாடு மட்டும் பலமாப் போட்டாரு."

நீங்கள் வரைபடத்தை எடுத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்தீர்கள்.

"ஏரோப்ளேன்னா பயமா? பயம்னா சொல்லு, விட்டுடலாம். பாரிஸ் எங்கயும் ஓடிடாது."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்யும் பத்திரமாக இருக்கும், நீங்களும் பத்திரமாக இருப்பீர்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அந்த மடித்த காகிதத்தின் மேல் உங்கள் கை தட்டிக்கொடுப்பதுபோல் கிடந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

தேதியை இரண்டு முறை படித்தீர்கள். விரல்விட்டு எண்ணினீர்கள். நான் நின்றபடியே ஜாதகத்தைப் பற்றியும் அம்மா சொன்னதைப் பற்றியும் சொன்னேன். ஆயுசு என்ற சொல்லை மட்டும் உரக்கச் சொல்ல முடியவில்லை.

"இதுக்கா என்னைப் பெரம்பலூர் வரைக்கும் பஸ்ல நிக்க வச்ச?" என்றீர்கள். பேனாவைத் திறந்து, விண்ணப்பத்தில் என் உண்மையான பிறந்த தேதியை எழுதினீர்கள். உங்கள் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த வாரம் விண்ணப்பத்தோடு திருச்சிக்குப் புறப்பட்டபோது, பஸ் படியருகே ஒதுங்கி நின்று கையைக் காட்டினீர்கள். "மூத்தவங்க முதல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வயதைச் சொல்லாத வரையில், ஆயுசு குறையும் என்பது அம்மாவின் பேச்சாக மட்டும் இருந்தது. சொன்ன பிறகு உங்கள் மேலேயே இறங்கிவிட்டதாகத் தோன்றியது.

விமானப் படிக்கட்டிலும் அதையே சொன்னீர்கள். கல்யாண நாள் மாலை, அந்தத் தேவாலயப் படிகளிலும் சொன்னீர்கள். நான் முன்னால் ஏறினேன். பாதி வழியில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பினால், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். தெரியாத ஊரில், பாஷை புரியாத கூட்டத்துக்கு நடுவில், என் வயது உங்களைப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். இறங்கி வந்து உங்கள் கையைப் பற்றினேன்.

"குளிரு, வேற ஒண்ணுமில்ல. அங்க ஊரைப் பாரு. என்னை அரியலூர்லயே பாக்கலாமே."

பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. உங்கள் கோட்டின் இரண்டாவது பொத்தான் ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரிஸ் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். நேற்று வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நீங்கள் வட்டம் போட்ட ஒரு இடமும் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பொத்தான் இருக்கிறது. பழுப்பு நிறம், நான்கு துளை, ஒரு துளையில் நூல் விட்டிருந்தது.

எழுபத்தாறு வயது வரை இருந்தீர்கள். அதைக் குறைந்த ஆயுள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் மனதுக்குத்தான் அது போதவில்லை. நான் இளையவளாக இருந்திருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பீர்களோ என்று கேட்கிறது. படித்தவள் கேட்கும் கேள்வியா இது என்று அதட்டுகிறேன். அடங்குவதில்லை.

உங்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வரிசை தவறுவது உங்கள் வழக்கமில்லை. அந்த ஒரு முறை மட்டும், ஒதுங்கி நிற்காமல், கையைக் காட்டாமல், எனக்கு முன்னால் போய்விட்டீர்கள்.

இப்போதும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறும்போது படியருகே ஒரு கணம் நின்றுவிடுகிறேன். "ஏறுங்கம்மா" என்கிறார்கள் பின்னால் நிற்கிறவர்கள். இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். பிறகு ஏறுகிறேன்.