தனி லயத்துக்குப் போன மகனுக்கு

கோபாலபுரம்,
ஸ்ரீமுக வருடம், ஆடி 19, வியாழன்

சிரஞ்சீவி சின்னையனுக்கு உன் அப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் மாரியாத்தா புண்ணியத்தில் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் கேட்டதாக வைத்துக்கொள். மூணாற்றிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பழனாத்தாள் சொல்லாமல் கொள்ளாமல் மலை இறங்கிவிட்டாள், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வெந்நீரில் குளிப்பாட்டுங்கள் என்று நாலு வரி, எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியை எடுத்துப்போய்விட்டாள் என்று ஒரு வரி. ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி வழி நடந்தும் பாதி வழி வண்டியிலுமாக வந்து சேர்ந்தவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லையே, கட்டின பெண்டாட்டியைப் பற்றி எழுத உனக்குக் கை வலித்ததா?

நடந்ததை அவள் வாயிலிருந்து வரவழைக்க உன் அம்மாவுக்கு மூன்று நாள் ஆயிற்று. பிள்ளை அழுகிறது, தூக்கம் கெட்டு விடியலில் பெரட்டுக்கு எழுந்துபோய் ஆள்வரிசையில் நிற்க முடியவில்லை என்று கங்காணியிடம் சொல்லி, கல்யாணமாகாத கூலியாட்கள் படுக்கும் வரிசை வீடான தனி லயத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாயாமே, வெட்கமாக இல்லையா? புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருந்தால்தான் லயத்தில் தனி அறை என்பது எனக்கே தெரிகிறது, எட்டு வருஷமாக அங்கே கிடக்கிற உனக்குத் தெரியாதா? நீ போன எட்டாம் நாள் கங்காணி அதே அறையில் இன்னொரு குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். முன்பின் தெரியாத ஆம்பிளை ஒருத்தன் படுத்திருக்க, நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உன் பெண்டாட்டி பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறாள். குழாயடியில் உன்னைக் கண்டு அவள் அழுததற்கு, கொஞ்ச நாள் பொறுத்துக்க, பிள்ள வளந்துட்டாச் செரியாயிரும் என்றாயாம். அட கெரகம் புடிச்சவனே, அதுவரைக்கும் நீ யார், அவள் யார்?

அவள் உன்மேல் குற்றம் அடுக்கவில்லை. என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். ஏனுங்க மாமா, பிள்ள அழுதா நான் பாத்துக்குவனுங்க, அவிய எங்கூட மனசுவுட்டுப் பேசி மூணு மாசமாச்சுங்க, பால் குடுத்தியா, துணி மாத்துனியான்னு கேக்கறதோட செரிங்க, என்றாள். உன் அம்மா என்னைப் பார்த்து, உங்கள உரிச்சு வெச்சாப்புல பொறந்துருக்கறானுங்க என்றாள். பொய் இல்லை. நீ பிறந்தபோது கடலைக்காட்டுக் காவல் என்று சாக்குச் சொல்லி ஒரு வருஷம் காட்டுச் சாளைக் குடிசையில் படுத்தவன்தான் நானும், கடலை பிடுங்கி முடிந்து வெறும் மண் கிடந்தபோதும் காவல் இருந்தேன். அதை உன் அம்மா இன்றைக்கும் சோறு போடும்போது சொல்லிக்காட்டுகிறாள், நானும் தலையைக் குனிந்துகொண்டு தின்கிறேன். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். பிள்ளையைக் கொஞ்ச நேரம் நீ தோளில் போட்டு நடந்தால் அவள் கண் அசருவாள். வேலை விட்டு வந்ததும் அவள் தின்றாளா என்று முதலில் கேள், அதற்கெல்லாம் துரையிடம் லீவு வாங்க வேண்டியதில்லை.

நேற்று பதினெட்டாம் பெருக்கு. உன் அம்மா ஆற்றில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, பழனாத்தாளுக்கும் ஒன்று மஞ்சள் தடவி நீட்டினாள். பழசே இருக்கட்டுங்க அத்தை, அவிய வந்தா மாத்திக்கறேன், வல்லீனாக் கழட்டியே குடுத்தர்றனுங்க என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா அந்தக் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். இதற்கு நடுவில் பழனாத்தாளின் அண்ணன் பழனிச்சாமி அடுத்த வெள்ளிக்கிழமை, ஆடி இருபத்தேழாம் தேதி வருகிறானாம், கல்யாணத்தைத் தீர்த்துவிட்டுத் தங்கையை அழைத்துப்போவேன் என்று ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறான். நாலு பேர் நடுவில் கேட்டால் நான் அவன் பக்கம்தான் பேசுவேன்.

கங்காணியின் காலைப் பிடித்தாவது அறையைத் திரும்ப வாங்கிவிட்டு நீயே நேரில் வா. பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று வாசலில் நின்று சொன்னாயானால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன், அவளைக் கூப்பிட வந்தேன் என்று சொல். ஆத்தா உனக்கு நல்ல புத்தியைக் கொடுத்து நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. அன்றைக்கு நீ வராவிட்டால் பழனிச்சாமிக்கு வண்டி தேடும் சிரமம் வேண்டாம், நம் வண்டியை நானே பூட்டி, நானே ஓட்டிக்கொண்டுபோய் அவளை அவள் பிறந்த வீட்டில் விட்டுவருவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற குற்றத்துக்காக மருமகள் முகம் பார்க்கக் கூசும் அப்பன்,
குப்பண்ணன்