ஏழாவது சீசனின் நாற்பது வினாடி

என் பதினான்காம் நம்பர் சித்திக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்திலும் உன்னை 'நீ' என்றுதான் எழுதுகிறேன். "சித்திய என்னட்டி நீ, வா, போன்னு சொல்லுத?" என்று அம்மா திட்டுவாள். நீதான் அப்போதெல்லாம் குறுக்கே விழுந்து, "விடு அக்கா, 'நீங்க'ன்னா எனக்கு வயசாயிட்ட மாரி இருக்கு" என்பாய்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்து மாதமாக அதை வைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிட முடியவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு நடுவில் ஒரு காலிக் கட்டம்தான் தெரிகிறது. நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நான் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். படிக்கிற எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான்.

போன வாரம் உன் ஆபீஸ் பாஸ்கெட்பால் டீமின் புதிய கோச் மேடம் தாராவிக்கு நம் வீடு தேடி வந்தார். வருகிற ஞாயிறு மாட்டுங்கா கோர்ட்டில் உன் நினைவாக ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். அதற்கு ஒரு சிறு மலர் போடுகிறார்கள். உன் போட்டோ வேண்டும், நீ எந்தச் சீசனில் எப்படி ஆடினாய் என்ற பட்டியலும் வேண்டும் என்றார். பட்டியலை ஆபீஸே அச்செடுத்துக் கொடுத்திருந்தது. "சரியா இருக்கான்னு பாரு பேட்டா. நீ ஒரு நோட்டு வச்சிருப்பேன்னு டீம்ல சொன்னாங்க" என்று என்னிடம் நீட்டினார்.

என் நோட்டு உனக்குத் தெரியாததா? மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது. அம்மா தையல் பட்டறைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் நீ ஆட்டத்துக்கெல்லாம் என்னைக் கூட்டிப் போய், உன் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வைப்பாய். "சும்மா இருக்காம நான் எவ்ளோ நேரம் உள்ள இருக்கேன்னு எண்ணுட்டி" என்று உன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பாய். ஆட்டம் முடிந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"ஏட்டி படிப்பாளி, எத்தனை நிமிசம்?"

"மூணு நிமிசம், பத்து செகண்டு."

"அந்தப் பத்து செகண்டையும் எழுது. அதுலதான் மூச்சு வாங்க ஓடுனேன்."

முதல் சீசனில் நான்கு ஆட்டங்களில்தான் உன்னை இறக்கினார்கள். மொத்தம் இரண்டு புள்ளி, இரண்டும் ஃப்ரீ த்ரோ. அந்த இரண்டுக்கும் நீ தெரு முழுவதும் ஜிலேபி கொடுத்தாய். இரண்டாவது சீசனில் முதல் ஐவரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. உனக்கு அவருடைய இடம் கிடைத்தது. அந்தச் சீசனுக்கு மட்டும் என் நோட்டில் ஒன்பது பக்கம். மூன்றாவதில் அவர் திரும்பி வந்தார், நீ திரும்பி பெஞ்சுக்கு வந்தாய். நான் அழுதேன், நீ அழவில்லை. "பெஞ்சும் டீம்தான்டி" என்றாய். அது உண்மையிலேயே உனக்கு வலிக்கவில்லையா? இதை நான் கேட்கவே இல்லை.

நான்காவதில் புதிதாக வந்த ஒரு தொழில்முறை லீக் உன்னை இரண்டு மாதத்துக்கு எடுத்தது. அதில் நீ ஆறு முறை உள்ளே போனாய். மறு வருடம் அந்த லீகே இல்லை. ஐந்தாவது சீசன் முழங்கால் காயத்தோடு போயிற்று. ஆறாவதில் உனக்கு ஒரு தனி வேலை வந்தது. கடைசி நிமிடத்தில் இறங்கி, எதிர் டீமின் நல்ல ஆட்டக்காரியை ஒட்டிக்கொண்டு நிற்பது. எட்டு ஆட்டம், ஒரு புள்ளியும் இல்லை. நான் கூட்டிப் பார்த்துவிட்டு மனசு கஷ்டமாகச் சொன்னேன். நீ நோட்டை வாங்கிப் பார்த்து, "பூஜ்யம்னு போடாதட்டி, நான் காவல் காத்த ஆளு எத்தனை போட்டான்னு போடு" என்றாய். போட்டேன். பெரும்பாலும் அதுவும் பூஜ்யம்தான்.

ஆபீஸ் பட்டியலில் இந்த ஆறும் கிட்டத்தட்ட என் நோட்டைப் போலவே இருந்தன. ஏழாவது வரியில் இப்படி இருந்தது: ஆடவில்லை.

கோச் மேடம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் நின்று, எப்போதும் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏழு வருசம் ஓடுனவள ஒரு காயிதத்துல தூக்கிட்டாவளே மேடம். காண்ட்ராக்ட் ரினீவல் இல்லன்னு. கண்ணு அவிஞ்சா போச்சு அவியளுக்கு?" நான் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டேன். ஏனென்றால் கண் அவிந்துபோனது அவர்களுக்கு இல்லை, சித்தி. எனக்கு.

அந்த ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று மழையே இல்லாமல், மழைநாள் போல ரயில்கள் எல்லாம் நின்றுபோயின. ஸ்கோர் எழுத வேண்டியவர் வரவில்லை. ஸ்கோர் மேசையில் இருந்த சார், "யாருக்காவது ஷீட் எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். நான் புத்தகம் பார்த்தே அதைக் கற்றிருந்தேன், கையைத் தூக்கிவிட்டேன். ஆடுகிறவர்களில் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அந்த நாற்காலியில் உட்கார அவ்வளவு ஆசை.

உள்ளே இறங்காமல் இருந்த ஆட்டக்காரி முதல் முறை இறங்கும்போது, அவள் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட வேண்டும். அவள் ஆடினாள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. புள்ளி எடுத்தாலோ ஃபவுல் செய்தாலோ வேறு இடத்திலும் அவள் நம்பர் வரும். இரண்டும் இல்லையென்றால் அந்தக் குறி மட்டும்தான். எல்லோருக்கும் ஒழுங்காகப் போட்டேன். கடைசி நாற்பது வினாடி இருக்கும்போது, நம் டீம் ஒரே புள்ளி முன்னால் இருக்கும்போது, அந்தச் சீசனிலேயே முதல் முறையாக உன்னைக் கூப்பிட்டார்கள். நான் பேனாவைக் கையில் பிடித்தபடி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸர் அடித்தது. எழுந்து கத்தினேன். மேசை சார் ஷீட்டை இழுத்து, காலியாக இருந்த பெயர்களுக்கு நேரே, ஆடவில்லை என்பதற்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ரெஃப்ரி கையெழுத்துப் போட்டார்.

மாட்டுங்காவிலிருந்து நடந்து வரும்போது, ரயில் பாலப் படியில்தான் எனக்கு அது உறைத்தது: உன் கட்டத்தில் நான் குறி போடவில்லை. நீ வடாபாவ் தின்றுகொண்டு என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்தச் சீசனில் உன்னை இறக்கவே இல்லை. அடுத்த மாதம் ரினீவல் லிஸ்ட் வந்தது. அதில் இசக்கியம்மாள் என்ற பெயர் இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சொல்ல நாளே இல்லாமல் போயிற்று.

கோச் மேடம் கிளம்பும்போது பின்னாலேயே ஓடி, தெருமுனையில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். "மேடம், ரினீவல் இதனாலதான் போச்சா?" என்று கேட்டேன்.

"நான் அப்ப இங்க இல்லை. எதைப் பார்த்து முடிவு பண்ணாங்கன்னு தெரியாது. முழங்காலும் இருந்துச்சு, ஷீட்டும் இருந்துச்சு."

அவ்வளவுதான் பதில். 'இல்லை' என்று அவர் சும்மாவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஷீட்டைத் திருத்தச் சொந்த டீம் சொன்னால் போட்டி நடத்தும் கமிட்டி எடுத்துக்கொள்ளாது, எதிர் டீமில் யாராவது எழுதிக் கொடுத்தால் கேட்கும் என்றார். அன்று நீ காவல் காத்தது ரெஹானா அக்காவை. வீடு சீத்தா கேம்ப்பில் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பள்ளி விட்டதும் யூனிஃபார்மோடு பஸ் ஏறினேன். வழி முழுக்க, அவர் எப்படித் திட்டுவார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"அரே, இசக்கி வீட்டுப் புள்ளையா நீ? அதே மொகரை! உள்ள வா, மொதல்ல சாயா குடி."

நான் சாயா குடிக்காமலே சொல்லி முடித்தேன். அவர் கையைத் தட்டிச் சிரித்தார். "நாப்பது செகண்டா? எனக்கு நாப்பது நிமிசம் மாரி இருந்துச்சு! நான் எங்கிட்டுப் போனாலும் முன்னால அவ மூஞ்சி. பாத்ரூம் போனாலும் வருவா போலன்னு நெனச்சேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. இது அவளுக்குத் தெரியும்."

"எது?"

"குறி இல்லாதது. ஆட்டம் முடிஞ்சு ஷீட்டோட காப்பிய எங்க கேப்டன் வாங்குனா. நானும் இசக்கியும் எட்டிப் பாத்தோம். 'ஏய், உன் பேர்ல கோடு போட்ருக்கு, போய்ச் சொல்லு'ன்னேன். அவ என் கையப் புடிச்சுக்கிட்டா. 'சும்மா இரு ரெஹானா, எழுதுனது எங்க வீட்டுப் புள்ள. சொன்னா அதை இனிமே மேசைல உக்கார விடமாட்டானுவ'ன்னா. சொந்தக்காரப் புள்ள எழுதுன ஷீட்டுன்னு தெரிஞ்சதும், நாங்க ப்ரொடெஸ்ட் பண்ணிருக்கலாம் தெரியுமா? ஒரு புள்ளில தோத்தோம்! அவ மூஞ்சிய பாத்து விட்டுட்டேன்."

அந்த இடத்திலேயே எழுதியும் கொடுத்தார். நான் நன்றி சொல்லக்கூட மறந்து வந்துவிட்டேன்.

சித்தி, பாலத்துப் படியில் வடாபாவ் தின்றபோதே உனக்குத் தெரியுமா? அப்படியென்றால் ஏன் என்னைக் கேட்கவில்லை? ரினீவல் லிஸ்ட் வந்த அன்றாவது கேட்டிருக்கலாமே. 'முழங்கால் போச்சுல்லா, விடு' என்று எல்லோரிடமும் சொன்னாயே, அது என்னைக் காப்பாற்றத்தானா? இல்லை, நிஜமாகவே முழங்காலா? எது உண்மை என்று எனக்கு இனி எப்படித் தெரியும்? நீ என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது.

கமிட்டியின் பதிலை நேற்று கோச் மேடம் போனில் சொன்னார். ரெஃப்ரி கையெழுத்திட்ட ஷீட்டை மாற்ற முடியாதாம். ரெஹானா அக்காவின் கடிதத்தையும் என் கடிதத்தையும் அதோடு சேர்த்துப் பின் குத்தி வைப்பார்களாம். ஆபீஸ் மலரில் ஷீட்டில் இருப்பதுதான் வரும். நான் பொய் சொன்னதால் ஒரு வருடம் எந்த மேசையிலும் உட்காரக் கூடாது. அது சரிதான்.

அதனால் நம் பள்ளி மலரில் நான் எழுதுகிறேன். இசக்கியம்மாள், பதினான்காம் நம்பர், ஏழாவது சீசன்: ஆட்டம் ஒன்று, நாற்பது வினாடி, புள்ளி இல்லை, ஃபவுல் இல்லை, காவல் காத்த ஆளுக்கும் புள்ளி இல்லை.

ஆனால் இது அச்சாகும் முன்னால் அம்மாவுக்குத் தெரிய வேண்டுமே. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். இன்று மத்தியானம், அவள் பட்டறைத் துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, இதுவரை எழுதியதை வாசித்தேன். பாதியிலேயே ஊசி நின்றுவிட்டது. நான் தலையைத் தூக்காமல் வாசித்து முடித்தேன்.

அம்மா திட்டவில்லை. ஆபீஸையும் திட்டவில்லை. "அவ உள்ள போனத நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா. அதனாலதான் குறி போடல."

"நான் ஒரு ஆட்டம்கூடப் பாத்ததில்லட்டி. ஒரு ஞாயித்துக்கெழமகூட பட்டறைல விடல." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "எப்பிடி ஆடுனா? சொல்லு."

சொன்னேன். உள்ளே போகும் முன் நீ குனிந்து தரையைத் தொட்டதை. பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், நீ ரெஹானா அக்காவின் இடுப்பை மட்டும் பார்த்ததை. அவர் இடது பக்கம் ஓடினால் அங்கே நீ, வலது பக்கம் திரும்பினால் அங்கேயும் நீ. அவருக்குப் பந்தைக் கொடுக்க வழியில்லாமல் வேறொருத்தி அவசரமாக வீசியதை, அது வளையத்தில் பட்டு வெளியே போனதை.

"இவ பந்தைத் தொடவே இல்லியா?"

"இல்ல."

"பெறவு என்னத்த ஆடுனா?"

சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. அம்மாவை எழுப்பி நிறுத்தினேன். "நீ ரெஹானா அக்கா. கதவுப் பக்கம் போ பாப்போம்" என்றேன். அம்மா கூச்சத்தோடு ஒரு அடி வைத்தாள். நான் கையை விரித்து முன்னால் நின்றேன். பீரோ பக்கம் திரும்பினாள், அங்கேயும் நின்றேன். திடீரென்று அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாகப் புகுந்து ஓடப் பார்த்தாள். பொத்தான் டப்பா கவிழ்ந்து அறை முழுக்கச் சிதறியது. நான் விடவில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"இப்பிடியா நின்னா?"

"இப்பிடித்தான்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. "இன்னொரு வாட்டி நில்லு" என்று மட்டும் சொன்னாள். நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டாள். உன் ஆட்டத்துக்கு இருவரும் வருகிறோம். ஒரு வருடம் கழித்து மேசையில் என்னை உட்கார விட்டால், பெஞ்சிலிருந்து யார் எழுந்து உள்ளே வந்தாலும், அவருக்கு ஒரே ஒரு வினாடிதான் கிடைத்தாலும், முதலில் குறியைப் போடுவேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பேன். சத்தியம், சித்தி.

உன் அக்கா மகள்,
கனி