மேலிருந்து ஐந்தாவது இடம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

எங்கள் அச்சகத்தில் ஓர் அறிக்கை அடிக்கிறோம். எந்த நாட்டு அரசு பள்ளிக்கல்விக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற பட்டியல். நம் நாடு மேலிருந்து ஐந்தாவது!

"உங்க நாட்டுப் பள்ளிக்கூடமெல்லாம் அரண்மனையா இருக்கும்போல," என்றார் ஃபோர்மேன். எனக்கு நம்பிக்கையில்லை. பிழை திருத்தும் அம்மாளிடம் கேட்டேன். "அந்தந்த அரசாங்கம் எழுதிக் குடுத்த கணக்கு தம்பி. யாரு போய்ப் பாத்தா?" என்றார்.

நீங்கள் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துகிறீர்களே, அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? அதையே யோசித்ததில் காகிதம் வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டது. நான்கே தையல்தான். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் வகுப்பறையைப் படமெடுத்து அனுப்புங்கள், இவர்களிடம் காட்ட வேண்டும். நீங்களும் அதில் நில்லுங்கள். முகம் பார்த்து மூன்று வருடமாகிறது.

ஃபோர்மேன் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்