உங்கள் கட்டைவிரல் பதியாத மனு

அன்புள்ள அக்கா,

உங்கள் தேக்சாவின் கரி என் கையை விட்டுப் போக மறுக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டேன். எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் பார்த்தேன். நகக்கண்களிலும் விரல் நுனியிலும் அப்படியே நிற்கிறது. இந்தத் தாளின் மேல் ஓரத்தில் ஒரு கறுப்புத் தடம் விழுந்துவிட்டது. வேறு எவருக்கேனும் எழுதுவதாயிருந்தால் இதைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுத் தாள் எடுத்திருப்பேன். உங்களுக்கோ எழுத்தே தெரியாது. நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. போன பிறகு எழுதுகிறேன், அதுவும் கோபத்தோடு.

நீங்கள் மறைந்து எட்டு மாதம் ஆகிறது. பாத்திரங்களைப் பங்கிட்டபோது, பெரிய தேக்சாவை எனக்குத்தான் தர வேண்டும் என்று நீங்கள் சொல்லிவைத்ததாக உங்கள் மருமகள் கொண்டுவந்து வைத்தாள். இருபது பேருக்குப் பருப்பு வேகும் பாத்திரம். ஒரு காது உடைந்து கம்பி கட்டியது. என் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எதற்காக எனக்கு என்று அன்று விளங்கவில்லை. நேற்றுக் காலை விளங்கியது.

நேற்றுக் காலை, உங்கள் பக்கத்து நிலத்துச் சின்னையா எங்கள் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் கோழிக்கூண்டைப் பார்த்தபடி பேசினார்.

"அக்காவோட தேக்சா ஒங்ககிட்ட கீதாமே. நாளைக்கு நம்ப கேத்துல கரும்பு வெட்டு. ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா நானே எதுனா பொங்கிப் போட்ருவேன்."

எவருடைய நிலத்தில் கேங், அதாவது வெட்டாட்களின் கூட்டம், கரும்பு வெட்டுகிறதோ அந்த வீட்டார் ஆட்களுக்குப் பகல் சாப்பாடு போடுவது இந்தத் தீவில் தவுவாப் பக்கத்தில் நம் வழக்கம். அந்த மனிதரின் நிலத்தில் வெட்டு நடந்த ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சாப்பாட்டை ஆக்கிப் போட்டது நீங்கள். உங்கள் கரும்பை நிற்கவைத்து அழியவிட்ட மனிதரின் நிலத்தில், நீங்கள். இதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது.

அந்த ஆண்டு கேங்கின் கடைசி வெட்டுச் சுற்றில் உங்கள் முறை முதலாவது. அவர் முறை உங்களுக்கு அடுத்தது. மழையும் ஆலை மூடும் நாளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. எரிந்த கரும்பு சில நாட்களுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். ஆகையால் எரிந்த நிலத்துக்குக் கேங் முதலில் போகும். முறையை முந்துவதற்காகத் தம் கரும்புக்குத் தாமே தீ வைத்துக்கொள்வது நம்மவர் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம். ஒரு நண்பகலில் சின்னையாவின் நிலம் எரிந்தது. அடுப்பிலிருந்து பொறி பறந்துவிட்டதாகச் சொன்னார். அன்று வாழையிலைகூட அசையவில்லை.

கேங் அவர் நிலத்துக்குத் திரும்பியது. அவர் மனைவியோ எழுந்திருக்க முடியாமல் பாயோடு கிடந்தாள். ஆட்களுக்கு ஆக்கிப்போட அந்த வீட்டில் எவரும் இல்லை. அப்போதுதான் உங்கள் தலையில் தேக்சாவைப் பார்த்தேன். கரும்பு ஏற்றும் டிராம் தண்டவாளத்தின் கட்டைமேல் கட்டையாகக் கால்வைத்து, உங்கள் முறையைத் திருடியவரின் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பசி யாருதா இருந்தா இன்னா" என்றீர்கள், நிற்காமலே.

அவர் கரும்பின் கடைசிக் கட்டு வண்டியேறிய அன்று மழை பிடித்துக்கொண்டது. நிலம் சேறாயிற்று, ஆலை மூடியது, உங்கள் கரும்பு நின்றபடியே நின்றது. கணவரை இழந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் ஓராண்டு பட்ட பாடு அத்தனையும் மழையில் ஊறியது. மூத்தவளின் கல்யாணத்தைத் தள்ளிவைத்தீர்கள்.

ஊர் கொதித்தது. நான் மனு எழுதினேன். நம் சங்கத்தார் தமிழ்ப் பள்ளி வைத்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. அதற்கு முன்பே, பாதிப் பக்கங்கள் போன ஓர் அரிச்சுவடியை வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய்த் தகரத்தில் சோப்புக்கட்டியால் எழுதி எழுதி அழித்து, எவர் துணையுமின்றி எழுத்தைக் கைப்பற்றியவள் நான். எனக்கு எதுவும் சும்மா வரவில்லை. ஆகவே அந்த மனுவில் என் முழுத் திறமையையும் இறக்கினேன். சின்னையாவைக் கேங்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். நீக்கினால் அவர் கரும்பை வெட்ட ஆளில்லை. கரும்பு போகாவிட்டால் குத்தகை நிலமும் நிலைக்காது. அதை அறிந்தேதான் எழுதினேன். ஊரார் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். நஷ்டப்பட்டவரின் கை இல்லாமல் செல்லாது என்று கேங்கின் தலைவரான சர்தார் மட்டும் சொன்னார்.

உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"எவ்ளோ நல்லா எழுதிக்கீற தங்கச்சி. எங்க ஊட்டுக்காரர் செத்தப்பகூட யாரும் இப்பிடிப் பேசல" என்றீர்கள்.

மைப்புட்டியைத் திறந்து நீட்டினேன். உங்கள் கை மாவிலேயே இருந்தது. துடைத்துக்கொள்ளுங்கள் என்றேன். துடைக்கவில்லை.

"இதுல வெச்சா, ஒன்மேல ஒண்ணு எழுதி அதுலயும் வெச்சிருக்கணுமே."

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஞானஸ்நானம் குடுக்க வேணாம், இன்னும் ஒரு வருசம் போகட்டும்னு உபதேசியார்கிட்ட நீதானே சொன்ன. நான் அவர் ஊட்டுப் பின்னால பேலேக் கீர பறிச்சிக்கினு இருந்தேன்."

ஆம். வாசிக்கத் தெரிந்தவள் என்று பெண்களைச் சோதிக்கும் பொறுப்பை உபதேசியார் எனக்குத் தந்திருந்தார். நீங்கள் கட்டளைகளில் ஏழாவதையும் எட்டாவதையும் மாற்றிச் சொன்னீர்கள். பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை விழுங்கினீர்கள். தகுதி போதாது என்று சொன்னேன். ஓராண்டு நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். உபதேசியார் இப்படிச் செய்துவிட்டாரே என்று உங்களிடமே வந்து அங்கலாய்த்தவளும் நான்தான். நான் உபதேசியாரிடம் பேசிய அன்று மாலை ஒரு கட்டு பேலேக் கீரை கொண்டுவந்து கொடுத்தீர்கள். நான் அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிட்டேன். நீங்கள் எங்கே பறித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அத்தனை ஆண்டு ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் என்று, மனுவோடு வந்த அன்று கேட்டேன்.

"என்னாத்தச் சொல்றது? கட்டளைய நான் இப்பவும் தப்பாத்தான் சொல்றேன். ஆனா ஆண்டவர் என்னச் சேத்துக்கினாரே. சும்மா சேத்துக்கினாரு. எனக்கு சும்மா வந்தத சின்னையாவுக்கு மட்டும் இல்லன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

மை உலர்ந்தது. மனு செல்லாமல் போனது. சின்னையா கேங்கில் நீடித்தார்.

கிருபை என்ற சொல்லை மாதந்தோறும் தமிழ் ஆராதனையில் உரக்க வாசித்தவள் நான், அக்கா. மற்ற ஞாயிறுகளில் எல்லாம் இந்தியில் நடந்துவிடும். தமிழில் வாசிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். அந்தச் சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் என் நாவில் சுத்தமாக இருந்தது. நீங்களோ அதைச் சரியாக உச்சரித்ததே இல்லை. நான் எத்தனை முறை திருத்தியிருப்பேன்!

சரி, உங்கள் கிருபையால் விளைந்தது என்ன? அதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். சின்னையா மாறினாரா? உங்களிடம் ஒரு முறையேனும் மன்னிப்புக் கேட்டாரா? அடுப்புப் பொறி என்ற கதையை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மாடு உங்கள் பயற்றங்கொடியை மேய்ந்தபோதுகூட வேலியைத்தான் குறை சொன்னார். நீங்கள் ஆண்டுதோறும் சோறு சுமந்தீர்கள். அவர் ஆண்டுதோறும் உண்டார். அன்பு மனிதரை உருக்கும் என்று பிரசங்கத்தில் கேட்கிறேன். உருகியதை எனக்குக் காட்டுங்கள். நானும்தான் உருகவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாக்கியம் அமைத்தேன். ஒவ்வொன்றும் என்னை நானே நியாயப்படுத்துவதில் போய் முடிந்தது. இன்னும் கொஞ்சம் திருத்தினால் சரியாகும் என்று ஒத்திப்போட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள். நீங்கள் ஒரு நாளாவது கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

நேற்று அவரிடம், பாத்திரம் இரவல் தருவதில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். உலை கொதிக்கும் நேரம்வரை எனக்கு மிகுந்த திருப்தியாக இருந்தது. பிறகு அந்தத் தேக்சா கண்ணில் பட்டது. அதன் கம்பிக் காது கண்ணில் பட்டது. அந்தக் கம்பியை முறுக்கியவை உங்கள் விரல்கள். எட்டு மாதமாக அது என் வீட்டில் சும்மா கிடந்ததும், நீங்கள் அதை எனக்கென்று சொல்லிவைத்ததும் ஒன்றாகச் சேர்ந்து என்னை உட்காரவிடவில்லை.

இன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். எங்கே என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், கேட்காதீர்கள் என்றேன். கட்டைமேல் கட்டையாகக் கால்வைப்பது பார்ப்பதுபோல் எளிதல்ல. இரண்டு முறை இடறினேன். கேங்கின் இளவட்டங்கள் என்னைக் கண்டதும், "சிட்டிவாலி வந்துட்டா" என்று சிரித்தார்கள். கடிதக்காரி என்று அவர்கள் எனக்கு வைத்த பெயர். சர்தார் மட்டும் பணிவாக, "இன்னிக்கு மனு எதுவும் இல்லீங்களே?" என்று கேட்டார். பருப்புதான் என்றேன்.

மூன்று கல் வைத்து மூட்டினேன். புகை கண்ணைக் கரித்தது. அன்போடு ஆக்கினேன் என்று எழுதினால் அது பொய். அடிப்பருப்புச் சற்றுப் பிடித்துவிட்டது. ஆட்கள் எல்லோரும் உண்டு எழுந்த பிறகு சின்னையா தட்டை நீட்டினார். ஊற்றினேன். ஒரு வாய் உண்டார். நன்றி சொல்வார் என்று என் உள்ளம் காத்திருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

"நமக் கம்மி" என்றார். "அக்கா கை மாதிரி வராது."

என் நாவில் பதில் அழகாகத் திரண்டது. எழுவாயும் பயனிலையும் தத்தம் இடத்தில் நின்றன. உப்புக் குவளையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். போட்டுக்கொண்டார், இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அடுத்த வருடம் பார்த்துப் போடுங்கள் என்றும் சொன்னார். அடுத்த வருடம் வருகிறேன் என்று எவர் சொன்னது?

அந்த மனு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கிழிக்க மனமில்லை, நடை அத்தனை நன்றாக அமைந்திருக்கிறது. தேக்சாவைத் தேய்த்து அந்தப் பெட்டியின் மேல்தான் கவிழ்த்திருக்கிறேன், வேறு இடமில்லாததால். மனுவை எடுக்க வேண்டுமானால் முதலில் அதை இறக்க வேண்டும்.

வழக்கம்போல் கடைசியில் கையொப்பமிடப் பேனாவை வைத்தேன். அப்போதுதான் மேல் ஓரத்துத் தடத்தை மறுபடி பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை, ஒரு கோடும் பிசகாமல். அன்று நீங்கள் வைக்க மறுத்தது. என் வாழ்நாளில் எந்தத் தாளிலும் நான் கைநாட்டு வைத்ததில்லை, அக்கா. இதில் இருக்கட்டும்.