ஏழு கன்னிமாரும் ஒரு டப்பா பெயிண்டும்

6 ஜனவரி 2013, ஞாயிறு

நேற்றிலிருந்து நான் மென்ட்டார், அதாவது வழிகாட்டி. கம்பெனியில் ‘இளம் தலைவர்கள் திட்டம்’ ஆரம்பித்திருக்கிறார்கள். காருக்கு வயர் கட்டுகிற லைனில் வேலை செய்கிற பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, ஊருக்குச் சேவை செய்ய வைத்து, தலைவர்களாக்க வேண்டுமாம். வெல்ஃபேர் அசிஸ்டென்ட் என்ற பேரில் லீவு, வயிற்றுவலி, ஹாஸ்டல் சண்டை எல்லாவற்றையும் பார்க்கிற என் தலையில் இதையும் கட்டிவிட்டார்கள். ஒரு டீ-ஷர்ட்டும் உண்டு. தலை நுழைந்துவிட்டது. அதற்குக் கீழே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அண்ணாதுரை எதற்கும் ஒரே கேள்விதான் கேட்பார். சம்பளம் ஏத்துவாங்களா? இல்லை என்றேன். “அப்ப இன்னாத்துக்கு தலைவரு?” என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

20 ஜனவரி, ஞாயிறு

முதல் கூட்டம். பர்சனல் ஆபீசர் ராஜசேகர் சார் மரக்கன்று நடலாம் என்றார். போட்டோவில் பச்சையாக விழும் என்பது அவர் கணக்கு. எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள், இசக்கி தவிர. நாங்குநேரிப் பக்கத்துப் பெண். ஒல்லி. சேஃப்டி வினாடி வினாவில் முதல் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கினவள்.

“போன வருசம் வச்ச கன்னெல்லாம் பட்டுப் போச்சுல்லா சார். அதே குழியிலதான் இந்த வருசமும் வைக்கப் போறோமா?”

சார் தண்ணீர் குடித்தார். நான் இருமினேன். சிரிப்பை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அவள் கேட்டது ஏரிக்கரைப் பாதை. கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ஹாஸ்டலிலிருந்து எங்கள் ஊர் ஏரிக்கரை வழியாகத்தான் நடக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் ஃபர்ஸ்ட் ஷிப்ட். கருவேல முள், புல், கல். போன மாதம் வேல்விழி என்ற பெண் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அதைச் சரி பண்ணுவோம் என்றாள் இசக்கி. மற்ற பெண்கள் இப்போது இந்தப் பக்கம் தலையாட்டினார்கள்.

23 ஜனவரி

ராஜசேகர் சார் ஒப்புக்கொண்டார். பாதை முனையில் கம்பெனி பேர் போட்ட போர்டு வைக்கலாம் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

3 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலிருந்து வேலை. இசக்கி யாரையும் அதட்டவில்லை. ஆனாலும் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அரிவாளை எடுக்கிறார்கள். எனக்கு வீட்டில் இந்த மரியாதை கிடைத்ததில்லை. மதியம் தண்டலத்தில் கல்யாணம். மிச்சத்தை உங்க இஷ்டப்படி முடிங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திட்டப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது: முடிவை அவர்களே எடுக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு வழுக்கை. பெண் வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லையாம். அந்த வெயிலில் அதை யார் சொல்ல வேண்டும்?

4 பிப்ரவரி, திங்கள்

விடியும்போதே நாத்தனார் கோவிந்தம்மாவின் குரல். அக்கா கத்தினால் ஒரகடத்தில் கிரேன் நிற்கும். ஓடினேன்.

ஏரிக்கரையில் எங்கள் ஏழு கன்னிமார் கல். ஏழுக்கும் மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு என்று சாய்வுப் பட்டை. ஃபாக்டரியில் தூணுக்கும் படிக்கும் அடிக்கிற அதே பட்டை, ஸ்டோரில் மிச்சமிருந்த அதே பெயிண்ட். தெய்வங்கள் ஏழு பேரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கிளம்பின மாதிரி நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத இடத்தில்தான் எனக்கு எப்போதும் வரும்.

பெண்கள் மேல் என்ன தப்பு? ஆடியில்தான் அந்தக் கல்லுக்குக் குளியல், மஞ்சள், பொங்கல் எல்லாம். ஐப்பசி மழையில் குங்குமம் கரைந்தால் அப்புறம் புல்லுக்குள் வெறும் கல். உள்ளூர்க்காரருக்கு மட்டும் சாமி. இவர்கள் புல்லை வெட்டினார்கள், வேல்விழி பல்லைத் தின்ற கல் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து மண்டையில் ஏற்றிய பாடம் — காலில் தடுக்குவதற்கெல்லாம் மஞ்சள் கறுப்பு. ஏழையும் நேர்த்தியாக அடித்திருக்கிறார்கள். ஒரு சொட்டு வழியவில்லை.

“உன் கம்பெனி பொண்ணுங்க அம்மன புலியாக்கிட்டாளுங்கடி” என்றார் அக்கா. ஊரே அங்கேதான். நான் ஊருக்கு மருமகள், கம்பெனிக்கு மென்ட்டார். எந்தப் பக்கம் நிற்பது? நடுவில் நின்றேன். நடுவில் சேறு.

5 பிப்ரவரி

ராஜசேகர் சார் கூப்பிட்டார். இசக்கியைச் சனிக்கிழமை அவள் ஊருக்கே அனுப்பிவிடுவதாம். நான் அவரோடு எங்கள் ஊருக்கு வந்து, அந்தப் பெண் யாரையும் கேட்காமல் தானாகச் செய்தாள், துரத்திவிட்டோம் என்று சொல்ல வேண்டுமாம். அதுவரை எந்தப் பெண்ணும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாதாம்.

துரத்தச் சொல்லி ஊரில் யார் கேட்டார்கள்? யாரும் இல்லை. இவராகத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார்.

சொல்லிட்டேன். மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். “சார், முடிவ அவங்களே எடுக்கட்டும்னு புக்குல போட்டது நீங்க. தடுக்கினா பட்டை அடின்னு சொல்லிக் குடுத்ததும் நீங்க. ரெண்டையும் ஒழுங்கா கேட்ட பொண்ணத் துரத்தணுமா? அந்தப் பொய்ய நான் சொல்ல மாட்டேன்.”

என் வேலையையும் யோசித்துக்கொள்ளச் சொன்னார். வேற ஆளப் பாத்துக்குங்க என்றேன். வீரமாக வெளியே வந்திருப்பேன். தள்ள வேண்டிய கதவை இழுத்துக்கொண்டே நின்றதில், அவரே எழுந்து வந்து திறந்துவிட்டார்.

6 பிப்ரவரி

ஹாஸ்டலுக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று ஆறுதல் வார்த்தைகளோடு போனால், அவள் சாவகாசமாகச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை போனால் போகட்டும் என்கிறாள். அது அவளுக்குப் பெரிதில்லை. “நான் இப்படிப் பேரு கெட்டுப் போனா, எங்கூர்லருந்து இனி ஒரு பிள்ளையையும் வெளிய விட மாட்டாவக்கா. என் தெருவுல ரெண்டு பேரு பன்னெண்டாவது முடிக்கதுக்குக் காத்துட்டு இருக்காளுவ.”

நேரே போய் ஊரைப் பார்க்கப் போகிறாளாம். சார் தடை போட்டிருப்பதைச் சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“மன்னிப்பு கேக்கதுக்கும் பெர்மிஷன் வேணுமா?”

என்னிடம் ஹாஸ்டல் அவுட்பாஸ் சீட்டு இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

8 பிப்ரவரி, வெள்ளி

போனோம். ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் கம்பெனி முதலாளியே வந்து காலில் விழ வேண்டும் என்றார். முதலாளி கொரியாவில் இருக்கிறார் என்றேன். அப்போ வரட்டும் என்றார்.

நான் பேச வாயைத் திறந்தேன். இசக்கி என் கையை மெதுவாக விலக்கிவிட்டு முன்னால் போனாள்.

“தெரியாமச் செஞ்சிட்டோம். சாமிக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, நாங்களே செய்யுதோம். ஆனா இருட்டுல அங்க பிள்ளைக விழுதது நெசம். அதுக்கும் நீங்கதான் வழி சொல்லணும்.”

மன்னிப்புக் கேட்க வந்தவள் கணக்கும் கேட்கிறாளே! கோவிந்தம்மா அக்கா எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். அவளைச் சுற்றி வந்து பார்த்தார், சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி.

“பேரு இன்னா?”

சொன்னாள்.

“இசக்கின்னு அம்மன் பேர வச்சிக்கினு அம்மனத் தெரியலயா உனக்கு?”

“எங்க ஊர்ல அம்மனுக்குக் கண்ணு மூக்கு இருக்கும்மா.”

யாரோ சிரித்தார்கள். சத்தியமாக நான் இல்லை. அக்காவும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு தீர்ப்பு: ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்து கல்லைக் கழுவ வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும். பாதை கல்லைச் சுற்றி, அவர் கொல்லை ஓரமாகப் போகட்டும். முதலாளி கேட்டவர் முணுமுணுத்தார். என் கொல்லை, உனக்கு இன்னா என்றார் அக்கா.

10 பிப்ரவரி, ஞாயிறு

எனாமல் பெயிண்ட் லேசில் போகிறதா? சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்ததில் கைதான் தேய்ந்தது. மண்ணெண்ணெய் போடலாமா என்று ஒரு மணி நேரம் விவாதம். சாமிக்கு ஆகாது என்று ஒரு கட்சி, விளக்கே அதில்தானே எரிகிறது என்று மறு கட்சி. கடைசியில் அக்கா சொன்னார்: “மஞ்சள் இருக்கட்டும், அது நம்மளதுதான். கறுப்ப மட்டும் சுரண்டுங்கடி.”

அண்ணாதுரை சொல்லாமல் கொள்ளாமல் கடப்பாரையோடு வந்து புதுப் பாதையில் வேர் தோண்டினார். எதையும் கேட்கவில்லை. அந்த ஒரே கேள்வியைக்கூட.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. கிளறினது நான்.

1 மார்ச்

ஊரே சமாதானமானபின் துரத்த முடியவில்லை. அதனால் வேறு வழி. இசக்கியின் ட்ரெயினிங் காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்கள். மென்ட்டார் பதவியும் என்னிடமிருந்து பறிபோனது. டீ-ஷர்ட்டைத் திருப்பிக் கேட்டார்கள். தரமாட்டேன் என்றேன். உடம்பில் ஏறாத ஒன்றுக்காக இவ்வளவு சண்டை போட்டது இதுதான் முதல் தடவை.

கம்பெனி கேட்டில் அவளிடம் ஊருக்குத்தானே என்றேன். “நான் ஏன் போகணும்?” என்றாள்.

9 ஜூன், ஞாயிறு

இசக்கி வல்லம் வடகாலில் வேறொரு யூனிட்டில் சேர்ந்துவிட்டாள். கோவிந்தம்மா அக்கா வீட்டுப் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாயிற்று. இன்னொருத்தி அடுத்த வாரம். மூன்று கம்பெனிகளிலிருந்து பெண்கள் ஞாயிறு தவறாமல் அவளோடு ஏரிக்கரையில் முள் வெட்டுகிறார்கள். எந்தத் திட்டமும் இல்லை, போட்டோவும் இல்லை. நான் போனால் தண்ணீர் சுமக்கச் சொல்கிறாள். சுமக்கிறேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

கிராம சபைக் கூட்டம். ஏரிக்கரைக்கு விளக்கு வேண்டும் என்று கேட்க இசக்கி எழுந்தாள். இங்கே ஓட்டு இல்லாத பெண் பேசலாமா என்று முன்வரிசையில் சலசலப்பு. “நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?” என்றார் ஒருவர்.

நான் நேற்றே ஒரு பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன். உரிமை, உழைப்பு, கடைசியில் ஒரு குட்டிக் கதை. எழுந்திருக்கப் புடவையைச் சரி செய்வதற்குள் பின்னாலிருந்து அக்கா குரல்: “எங்க வூட்ல வாடகைக்குக் கீது. முன்பணம் குட்த்துட்டுதான் வந்துச்சி. நீ லைட்டப் பத்திப் பேசு இசக்கி.”

உட்கார்ந்துவிட்டேன்.

ஊராட்சித் தலைவர் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். அது வேலை செய்யவில்லை. ஒயரைத் தட்டினார்கள், ஊதினார்கள். அவள் காத்திருக்கவில்லை. அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.